இஸ்ராவைத் தூக்காத வருடம்

2024 பெப்ரவரி 20, செவ்வாய்

ஏழாம் வகுப்பு இந்த வருடம் மேல்மாடியில் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பாடசாலை வாசலில் த்ரீவீல் ஆட்டோவை நிறுத்தி, இஸ்ராவை முதுகில் போட்டுக்கொண்டு படியேறினேன். போன வருடத்தைவிடக் கனத்துவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கனக்காமல் என்ன செய்வாள்? கால்கள் மட்டும்தான் பிறந்ததிலிருந்து சொல் கேட்பதில்லை. மற்றதெல்லாம் நன்றாக வளர்கிறது. முடி, உயரம், வாய்.

படி வளைவில் மூச்சு வாங்க நின்றேன். காதுக்குள் கேட்கிறாள்:

"என்ன உம்மா, ஒட்டகம் களைச்சிட்டா?"

"ஒட்டகம் களைக்கல்ல. மேல இரிக்கிறவ பேசிப் பேசித்தான் கனக்கிறா."

சிரித்துக்கொண்டே ஏறிவிட்டோம். அவளை வகுப்பில் வாங்குப் பலகையில் இருத்திவிட்டுக் கீழே வந்து, என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும்போதுதான் இடுப்பின் இடப்பக்கம் ஒரு பிடிப்பு. புட்டம்வரை இறங்கியது. காலைக் குளிராக இருக்கும்.

பெப்ரவரி 23, வெள்ளி

வலிக்குப் பாம் தைலம் தடவி, சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துப் படுக்கிறேன். ஷப்ராஸிடம் சொல்லவில்லை. சொன்னால் இஸ்ராவின் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து தினமும் அவரே தூக்குவார். ஹார்ட்வெயார் கடை, காலையில்தான் மேசன்மார் வருகிற நேரம்.

பெப்ரவரி 29, வியாழன்

படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, அதே படி வளைவு. இஸ்ரா என் முதுகில் சறுக்கினாள். அவளை மேலே இழுத்துப்போட ஒரு பக்கமாகக் குனிந்து எக்கினேன். இடுப்புக்குள் ஏதோ விட்டுப்போனது. இடது காலில் கட்டைவிரல்வரை மின்சாரம் ஓடியதுபோல. விழக்கூடாது, விழக்கூடாது, முதுகில் பிள்ளை. வேறு நினைப்பே இல்லை. சுவரோடு சாய்ந்து சாய்ந்து இறங்கி உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அதிபர் பலீல் சேர் ஓடி வந்தார். என்னைக் கதிரையோடு தூக்கி இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் இஸ்ரா படியிலேயே தனியாக இருந்துவிட்டாள். அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். அந்த முகத்தை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

இடுப்புத் தசைகள் இப்போது பலகை. தொட்டால் கல். எழுந்து நின்றால் உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்கிறது, நேராக்கப் பார்த்தால் உயிர் போகிறது. தும்மப் பயம். இருமப் பயம்.

இஸ்ரா மூன்று நாளாகப் பாடசாலைக்குப் போகவில்லை.

மார்ச் 4, திங்கள்

டொக்டர் மதுரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைவிட வயது குறைவாக இருக்கும். நிமிர்த்திப் படுக்கவைத்து இடது காலை உயர்த்தினார். கால்வாசி உயர்த்தும் முன்பே கத்திவிட்டேன். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். வலது விரல் தூக்கியது. இடது விரல் யோசித்தது.

"சலம் போறதில, மலம் போறதில ஏதும் வித்தியாசம்? இருக்கிற இடத்தில விறைப்பு ஏதும்?"

இல்லை என்றேன்.

"நல்லது. அப்பிடி ஏதாவது வந்தால் இரவெண்டும் பாராமல் உடன வரவேணும். ஸ்கேன் ஒண்டு எடுப்பம். டீச்சர், என்ன பாரம் தூக்குறனீங்கள்?"

"என்ட மகள," என்றேன்.

அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மார்ச் 9, சனி

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க்காம். எனக்குக் கீழிருந்து இரண்டாவது பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது மற்றப் படம், இடுப்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்ததுபோல ஒன்று. எலும்பின் இரண்டு பக்கமும் தசை. வலப்பக்கம் கறுப்பாக நிறைந்திருக்கிறது. இடப்பக்கம் சிறுத்து, நடுவில் வெள்ளை வெள்ளையாக ஓடுகிறது. இறைச்சிக் கடையில் கொழுப்பு ஓடிய துண்டு தொங்குமே, அப்படி.

"இந்த வெள்ளை என்ன டொக்டர்?"

"கொழுப்பு. முள்ளந்தண்டோட ஒட்டி ஆழத்தில சின்னத் தசையள் இருக்கு. எலும்பை அசையாமப் பிடிக்கிறது அதுகள்தான். டிஸ்க் பழுதாகி வலி வந்தால் அதுகள் வேலையை நிப்பாட்டிப் போடும். வேலை செய்யாத தசை சுருங்கும், அந்த இடத்தைக் கொழுப்புப் பிடிக்கும். இது போன கிழமை வந்ததில்லை, டீச்சர். உங்களுக்குக் கனகாலமா நோவு இருந்திருக்கு."

"அப்ப இந்தக் கல்லு மாதிரி இறுகி இரிக்கிறது?"

"அது வெளித்தசை. உள்ளுக்க இருக்கிறவை வேலைக்கு வராததால வெளியில இருக்கிறவை எல்லாத்தையும் தாங்கப் பாத்து இறுகிப்போய் நிக்கினம்."

ஒப்பரேஷன் இப்போது வேண்டாமாம். விரல் இதைவிடப் பலவீனமானால் யோசிப்போம் என்றார். குளிசை, பிசியோதெரபி, நடை. படுத்தே கிடக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கவே கூடாது.

கடைசி வார்த்தையை மட்டும் கூட வந்திருந்த ஷப்ராஸ் இரண்டு தரம் கேட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. குளிசை எடுப்பதால் எனக்கு நோன்பில்லை. கதிரையில் இருந்து தொழுதேன். ஸுஜூதுக்கு நெற்றி தரையைத் தொடவில்லை. காற்றில் குனிந்து காற்றில் நிமிர்ந்தேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்வான், தெரியும். என் மனம்தான் ஏற்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

ஷப்ராஸின் அக்கா ஸஜீதா மதினி பண்டாரவளையிலிருந்து வந்திருந்தா. கஞ்சி, ரோல்ஸ், எல்லாம் அவதான் செய்தா. நோன்பு திறந்தபின் மெதுவாகப் பேச்செடுத்தா.

"ஜெனீரா, கோபப்படாதீங்க. கண்டிப் பக்கம் ஒரு இல்லம் இரிக்கி. இப்பிடிப் புள்ளைகளத்தான் பாக்கிற. பொம்புளப் புள்ளைகளுக்கெண்டே தனியா. மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கொள்ளலாம்."

"இல்ல மதினி."

"நீங்க கட்டில்ல உழுந்துட்டா புள்ளய யார் தூக்குற? தம்பி கடைய விட்டுட்டா? ரெண்டு பேர் படுக்கைல எண்டா அவன் என்ன செய்வான்?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. கேட்டது சரியான கேள்வி. ஷப்ராஸ் பேரீச்சங்கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அறைக்குள்ளிருந்து இஸ்ராவின் குரல்: "மாமி, எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

நோன்பு விடுமுறை முடிந்து அடுத்த மாதம் பாடசாலை திறக்கும். அதற்குள் மதினியின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

பிசியோதெரபி. நிசாந்தினி என்று பெயர், அவவும் யாழ்ப்பாணம். "நாரி எங்க நோகுது?" என்றா. நான் முழித்தேன். "நாரி டீச்சர், நாரி! நீங்கள் இடுப்பெண்டுவியள்." சிரிப்பு வந்தது, சிரித்ததும் வலித்தது.

பெரிய பெரிய பயிற்சி தருவா என்று நினைத்துப் போனேன். குப்புறப் படுக்கவைத்து முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் விரலை வைத்தா. "மூச்சை விட்டுட்டு, அசையாமல், என்ட விரலுக்குக் கீழ தசையை மெல்ல வீங்கப் பண்ணுங்கோ. வெளியில இருந்து பாத்தால் ஒண்டும் தெரியக்கூடாது."

வலப்பக்கம் வந்ததாம். இடப்பக்கம்? நான் எங்கே அனுப்பினாலும் போய்ச் சேரவில்லை. இல்லாத விரலை மடக்கச் சொன்னதுபோல.

"அது நித்திரை," என்றா. "இன்னொண்டு கேளுங்கோ. நோ போனவுடன இது தானா எழும்பாது. நோ போயிடும், தசை நித்திரையாவே கிடக்கும். பேந்து ஒரு நாள் குனியேக்க திரும்பப் பிடிக்கும். அதனால எழுப்பவேணும். ஒவ்வொரு நாளும்."

வெளியே வாங்கில் தெமோதரைத் தோட்டத்து அம்மா ஒருவர், தேயிலைக் கொழுந்தெடுப்பவர். "டீச்சரம்மாவுக்கும் இடுப்புங்களா?" என்றார். லயத்து வரிசை வீட்டு அறையில் படுத்துப் பயிற்சி செய்ய இடமில்லையாம். மகன் வேலைக்குப் போனதும் அவன் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் பாய் போட்டுக்கொள்கிறாராம். "மொத மாசம் ஒண்ணும் தெரியலீங்க. வுடாம செஞ்சேன்," என்றார். எனக்கு வீட்டில் முழுசாக ஒரு முன்னறை, ஹோல், இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

இடப்பக்கம் இன்னும் நித்திரை.

மார்ச் 26, செவ்வாய்

எல்லாம் போச்சு.

நேற்றுக் காலை, ஷப்ராஸ் கடைக்குப் போனபின், பாத்ரூமில் இஸ்ரா கதிரையிலிருந்து வழுக்கிக் கீழே. ஈரத் தரை. "உம்மா" என்று ஒரு சத்தம். நான் யோசிக்கவே இல்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. அவள் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தேன். ஷப்ராஸ் வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு பேரும் அந்த ஈரத்தில். அவள் என் தலைக்குக் கீழே தன் கையை வைத்திருந்தாள்.

ஏன் எனக்கு? ஏன் இந்தப் புள்ளைக்கு? நான் தூக்காட்டி யார் தூக்குற? தசையாம், நித்திரையாம், எழுப்பணுமாம்! அது எழும்புற வரைக்கும் என்ட புள்ள தரையிலயா கிடக்கிற?

இதையேதான் இன்று நிசாந்தினியிடம் கத்தினேன். பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா:

"நீங்கள் முழுசாச் சுகமானாலும் அவவைத் தூக்கேலாது, டீச்சர். அவ வளருறா. நீங்கள் வளரப்போறதில்ல. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் பாக்கிறன்."

ஏப்ரல் 1, திங்கள்

இஸ்ராவின் தோள், கை, முதுகு எல்லாவற்றையும் நிசாந்தினி சோதித்தா. "பிள்ளை, உமக்கு இவ்வளவு பலமான கை இருக்கு. இதால என்ன செய்யிறனீர்?"

"எழுதுறன். போன் பாக்குறன்."

"அம்மா என்ன செய்யிறவ?"

"உம்மா தூக்குவாங்க."

ஒரு பலகை. ஓரம் மழுக்கி, மெழுகுபோல வழவழப்பாக்கிய பலகை. ஒரு நுனி கட்டிலில், மறு நுனி சக்கர நாற்காலியில், நடுவில் பாலம். கையை ஊன்றி, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். இஸ்ரா நடுவழியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"டீச்சர், இருங்கோ," என்றா நிசாந்தினி. "இதுதான் உங்களுக்கு இண்டைக்குத் தந்த பயிற்சி."

கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் இடுப்புக்கு இதுவரை தந்ததிலேயே கடினமான பயிற்சி அது.

இரவு வந்ததும் ஷப்ராஸ் கடையிலிருந்து கொண்டுவந்த பலகையை அறுத்துத் தேய்க்கத் தொடங்கினார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

பலகையிலிருந்து விழுந்தாள். மெத்தை விரித்திருந்ததால் அடியில்லை. பலகையைத் தூக்கி எறிந்தாள்.

"நீங்க தூக்கினா ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம்!"

"ஓ. நான் தூக்கினா ஒரு நிமிஷம். அதுக்குப் பொறகு?"

"மாமி சொன்ன இடத்துக்கு அனுப்புங்க. அங்க ஆள் இரிக்கும்."

அடித்திருப்பேன். அடிக்கவில்லை. குனியாமல், முழங்காலை மடக்கி, நிசாந்தினி சொன்னபடி இறங்கிப் பலகையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் அதே மெத்தையில் குப்புறப் படுத்தேன்.

"என்ன செய்றீங்க?"

"என்ட பயிற்சி. உன்ட விரல இங்க வை. வீங்குதா எண்டு பாத்துச் சொல்லு."

முறைத்துப் பார்த்தாள். பிறகு விரல் வந்தது.

"ஒண்டும் இல்ல… ஒண்டும் இல்ல… உம்மா! இப்ப கொஞ்சம்! இடப்பக்கம்!"

பொய் சொல்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். சொல்லவில்லை. நான் எழுவதற்குள் பலகை பக்கம் நகர்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 13, சனி

பெருநாள் முடிந்து, பாடசாலை திறக்க இன்னும் சில நாட்கள். படி அப்படியே இருக்கிறது. பலகையால் படி ஏற முடியாது. பலீல் சேரிடம் எப்படிப் பேசுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் நிற்கும்போது ஹோலில் இஸ்ராவின் குரல்.

"சேர், அஸ்ஸலாமு அலைக்கும், நான் இஸ்ரா. ஏழாம் வகுப்பு. சேர், எங்கட வகுப்பக் கீழ மாத்த ஏலுமா? …இல்ல சேர், உம்மா சொல்லல்ல. உம்மாவுக்குத் தெரியாது. …எட்டாம் வகுப்பு ஆக்கள் மேல போகட்டும், அவங்களுக்கு நல்ல கால் இரிக்கே."

கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், "இன்ஷா அல்லாஹ் எண்டார்."

"அது சரியா, தட்டிக்கழிக்கிறதா?"

"சிரிச்சிட்டுத்தான் சொன்னார்."

ஏப்ரல் 17, புதன்

கீழ் வகுப்பு! வகுப்பு வாசலில் இருந்த இரண்டு படிக்கு ஷப்ராஸ் நேற்றே ஒரு சாய்வுப் பலகை அடித்துவிட்டார். இஸ்ரா தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனாள். நான் பின்னால் வெறுங்கையோடு. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் குடையைப் பிடித்துக்கொண்டேன். மழை இல்லை.

மே 20, திங்கள்

கால் வலி போய்விட்டது. இடுப்பு இறுக்கமும் இல்லை. இரண்டு கிழமையாகப் பயிற்சியை விட்டிருந்தேன். வேலை, திருத்த வேண்டிய கொப்பிகள், சொல்லச் சாட்டு ஏராளம். இன்று நிசாந்தினி விரல் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டா.

"டீச்சர், வீட்டுவேலை செய்யேல்ல."

மாணவிபோலத் தலை குனிந்தேன்.

"நோ இல்லையெண்டு விட்டிட்டியள், என்ன? டிஸ்க் ஆறும். தசையை நீங்கள்தான் கட்டவேணும். அது திரும்ப நிறையுறதுக்கு எத்தினையோ மாசம் செல்லும்."

சரி. மாதங்கள் என்றால் மாதங்கள். நாளையிலிருந்து ஸுபஹ் தொழுததும் முதல் வேலை அதுதான். இப்போது கை கால் ஊன்றி நாலுகால் நிலையில் நின்று, எதிர்க்கையும் காலும் நீட்டும் பயிற்சி. இடுப்பின் மேல் தண்ணீர்க் கோப்பை வைத்தால் சிந்தக்கூடாதாம்.

ஜூன் 2, ஞாயிறு

இஸ்ரா உண்மையாகவே கோப்பையை வைத்துவிட்டாள். சிந்தியது. பாய் நனைந்து, தகப்பனும் மகளும் சிரித்துச் சிரித்து… நானும்தான்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று லுஹர் தொழுகையைத் தரையில் தொழுதேன். குனிந்து நிற்கும் ருகூஉவில் கால் நடுங்கியது. ஸுஜூதில் நெற்றி விரிப்பைத் தொட்டதும் எழ மனமில்லை. வலியால் அல்ல.

டொக்டர் மதுரனிடம் போன கிழமை காட்டினேன். இடது கட்டைவிரல் அவர் விரலை எதிர்த்துத் தள்ளியது. அதுவே போதும், திரும்ப ஸ்கேன் அவசியமில்லை என்றார். தூக்கலாமா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்தபிறகுதான் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

செப்டெம்பர் 7, சனி

ஸஜீதா மதினி வந்தா. அந்தப் பேச்சுக்குப் பிறகு இப்போதுதான். வந்ததும் இஸ்ராவைக் கட்டிப்பிடித்து அழுதா. பகல் சாப்பாட்டுக்கு நேரமானதும் கட்டிலில் இருந்த அவளைத் தூக்கக் கையை நீட்டினா.

"வேணாம் மாமி. உங்கட இடுப்புப் போகும்."

பலகையை வைத்து, கையை ஊன்றி, மூன்று நகர்வில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றா. சமையலறைக்கு வந்து என்னிடம் சொன்னா:

"நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லி இரிக்கக்கூடாது."

"நீங்க கேட்டது நல்லம் மதினி. இல்லாட்டி நான் இன்னமும் தூக்கிட்டே இரிந்திருப்பேன்."

இருவரும் சேர்ந்து மீன் பொரித்தோம். தனக்கும் குனிந்து நிமிர இடுப்பு பிடிக்கிறதென்றா. நிசாந்தினியின் நம்பரைக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 12, சனி

காலையில் பயிற்சி முடித்து, இஸ்ராவின் உடுப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்கதவைத் தள்ளித் திறந்தேன். கட்டில் ஓரத்தில் இருந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள்.

"உம்மா! கதவத் தட்டிட்டு வாங்களே!"

பிறந்த நாளிலிருந்து நான் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்ட உடம்பு. என்னிடமா மறைக்கிறாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தட்டினேன்.

"கொஞ்சம் இரிங்க."

உள்ளே பொத்தானோடு போராடும் முனகல். ஏதோ கீழே விழும் சத்தம், அவளே அதை எட்டி எடுக்கும் சத்தம். ஷப்ராஸ் ஹோலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, வெளியில நிக்கிறீங்க?" என்றார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

கையில் உடுப்புகளோடு, சுவரில் சாயாமல், அவள் கூப்பிடும்வரை நின்றேன்.